நூற்றில் ஒன்று

வேலி எல்லையிலே ஒரு முழ நிலத்துக்காக வழக்காடித் தோற்றவர், நீதிமன்றப் படியை விட்டு இறங்கும்போதே, "இதோடு விடமாட்டேன், கடைசிக் கோட்டு வரைக்கும் போய்ப் பார்க்கிறேன்" என்று சூளுரைப்பது தமிழ் ஊர்களிலே கேட்டுப் பழகிய பேச்சாகும். ஒரு மன்றத்தில் நீதி கிடையாவிடின் அதற்கு மேலான மன்றத்திற் கிடைக்கும். அங்கும் கிடையாவிடின் எல்லாவற்றுக்கும் மேலான மன்றத்திற் கிடைத்தே தீரும் என்னும் நம்பிக்கை அப்பேச்சினுள் அடங்கியிருக்கிறது. கைப்பணமும் பொறுமையும் உள்ளவனுக்குக் கடைசி மன்றத்தின் கதவு எப்போதும் திறந்திருக்கும் என்பது பொதுமக்கள் எண்ணம்.

ஐக்கிய அமெரிக்க நாட்டிலே இத்தகைய சூளுரைகளுட் பெரும்பாலானவை நிறைவேறுவதில்லை. அந்நாட்டின் உயர் நீதிமன்றத்துக்கு அண்மைக் காலத்தில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 4000 முதல் 5000 வரையான விண்ணப்பங்கள் வந்து சேருகின்றன. அவற்றுள் அம்மன்றம் இருபக்க வாதமும் கேட்டுத் தீர்ப்பளிப்பவை ஏறக்குறைய அறுபது மட்டுமே. நூறு பேர் கதவைத் தட்டினால், உள்ளே அழைக்கப்படுவோர் ஒருவர் அல்லது இருவர். எஞ்சியோர் காரணம் எதுவும் கூறப்படாமலே திருப்பி அனுப்பப்படுகின்றனர். ஒரு நாட்டின் தலையாய நீதிமன்றம் தான் கேட்க வேண்டிய வழக்குகளைத் தானே தெரிந்தெடுப்பது முறையாகுமா? அவ்வாறு தெரிந்தெடுத்தவற்றை அது எங்ஙனம் தீர்க்கிறது? இவ்விரு வினாக்களும் ஆராயத் தக்கவை.

அமெரிக்க அரசியலமைப்பின் மூன்றாம் உறுப்பு, நாட்டுக்கு ஓர் உயர் நீதிமன்றம் இருத்தல் வேண்டும் என்று விதித்ததேயன்றி, அதில் எத்தனை நீதியரசர்கள் இருக்க வேண்டும் என்று கூறவில்லை. 1789இல் காங்கிரசு இயற்றிய நீதித்துறைச் சட்டம் அறுவரை நியமித்தது. 1790 பெப்ரவரியில் நியூயோர்க் நகரத்தில் அம்மன்றம் முதன்முதலாகக் கூடியபோது, அதன் முன் விசாரணைக்கு ஒரு வழக்கேனும் இருக்கவில்லை. நீதியரசர்களின் தொகை பின்னர் பல முறை மாறி, 1869இல் ஒன்பதாக நிலைபெற்றது. குடியரசுத் தலைவர் பெயர் குறிப்பிட, செனட் சபை இசைவளிக்க, நன்னடத்தை உள்ளவரை பதவி வகிப்போர் அவர்கள். ஆகவே தாமாக விலகினாலன்றி, அவர்களுள் பெரும்பாலோர் ஆயுட்காலம் முழுவதும் அவ்வாசனத்தில் அமர்ந்திருக்கலாம்.

இம்மன்றத்துக்கு வழக்குச் செல்லும் வாயில்கள் இரண்டு. முதலாவது, நேரடி வாயில். ஒரு மாநிலம் மற்றொரு மாநிலத்தின்மீது தொடுக்கும் வழக்கு வேறெங்கும் செல்லாது இங்கேயே தொடங்கும். கொலராடோ ஆற்றின் நீரைப் பங்கிடுவது பற்றி அரிசோனா மாநிலம் கலிபோர்னியா மாநிலத்தின்மீது 1952இல் தொடுத்த வழக்கு, 1963இலேதான் தீர்ப்புப் பெற்றது. சாட்சிகளை விசாரித்து ஆவணங்களைத் தொகுக்கும் பணி இவ்வழக்குகளில் ஒரு தனி அலுவலரிடம் ஒப்படைக்கப்படும். ஆயினும், இத்தகைய வழக்குகள் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோதான் வரும்.

இரண்டாவது, மேன்முறையீட்டு வாயில். மத்திய மேன்முறையீட்டு நீதிமன்றங்கள் பதின்மூன்று உள. அவற்றின் தீர்ப்பினால் மனக்குறை அடைந்தோரும், ஐம்பது மாநிலங்களின் தலைமை நீதிமன்றங்களில் தோற்று, தம் வழக்கிலே அரசியலமைப்பு அல்லது மத்திய சட்டம் பற்றிய வினா உண்டென்று காட்டக்கூடியோரும் இவ்வாயிலை அடையலாம். மாநிலச் சட்டம் ஒன்றை மட்டுமே பற்றிய வழக்கில், அம்மாநில நீதிமன்றத்தின் சொல்லே முடிந்த சொல்லாகும்.

முற்காலத்தில் இரண்டாம் வாயிலால் வந்த வழக்குகளுட் பெரும்பாலானவற்றை மன்றம் கேட்டே ஆக வேண்டியிருந்தது. நாடு விரிந்தது, புகைவண்டிப் பாதைகளும் ஆலைகளும் பெருகின, அவற்றோடு வழக்குகளும் பெருகின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு மேன்முறையீடு ஆண்டுக்கணக்கில் முறைபார்த்துக் கிடக்க வேண்டியதாயிற்று. 1891இல் காங்கிரசு மேன்முறையீட்டு நீதிமன்றங்களை இடைநிலையில் அமைத்துச் சுமையைக் குறைத்தது. அதுவும் போதாமையால், குடியரசுத் தலைவராகவும் பின்னர்ப் பிரதம நீதியரசராகவும் இருந்த ஒரேயொருவரான வில்லியம் தாவ்ற் முயன்று, 1925இல் ஒரு சட்டத்தை நிறைவேறச் செய்தார். அதன்படி, எவ்வழக்கைக் கேட்பது, எதனை விடுப்பது என்பது பெரும்பாலும் மன்றத்தின் விருப்பத்துக்கு விடப்பட்டது. எஞ்சியிருந்த கட்டாய மேன்முறையீடுகளிலும் மிகப் பல 1988இல் நீக்கப்பட்டன.

அனுமதி பெற்றே மேலே செல்லும் இம்முறை இலங்கையருக்குப் புதியதன்று. இலங்கையின் மேன்முறையீடுகள் இலண்டனிலுள்ள கோமறைக் கழகத்துக்குச் சென்ற காலத்தில், குற்றவியல் வழக்குகள் அக்கழகத்தின் சிறப்பு அனுமதி பெற்றே விசாரிக்கப்பட்டன. அத்தொடர்பு 1971இல் அறுந்தது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின்கீழும், உயர் நீதிமன்றத்தின் சிறப்பு அனுமதி பெற்று மேன்முறையிடும் வழி உண்டு. அதனோடு, அடிப்படை உரிமை மீறப்பட்டவர் ஒரு மாத காலத்துள் நேரே உயர் நீதிமன்றத்தை அணுகும் வழியும் இலங்கையில் உண்டு. அமெரிக்காவில் அத்தகைய நேர்வழி இல்லை. அங்கே உரிமை வழக்கும் அடிப்படியிலிருந்தே ஏறி வருதல் வேண்டும்.

இன்னொரு வேறுபாடும் குறிக்கத் தக்கது. இலங்கையில் ஒரு சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதா என்பதைப் பாராளுமன்றம் நிறைவேற்றுமுன்னரே உயர் நீதிமன்றத்திற் கேட்கலாம். சட்டமாகிய பின்னர்க் கேட்க முடியாது. அமெரிக்காவிலோ முறை நேர்மாறானது. சட்டம் இயற்றப்பட்டு, அதனால் ஒருவருக்கு மெய்யாகவே ஊறு நேர்ந்து அல்லது நேரும் நிலை உண்டாகி, அவர் வழக்காளியாக வந்து நின்றாலன்றி மன்றம் வாய் திறவாது. 1793இல் குடியரசுத் தலைவர் வாஷிங்டன், பிறநாடுகளோடு செய்துகொண்ட உடன்படிக்கைகள் பற்றிச் சட்ட ஆலோசனை கேட்டபோது, வழக்கின்றிக் கருத்துரைத்தல் தம் கடமையன்று என்று நீதியரசர்கள் மறுத்துவிட்டனர். அம்மறுப்பு இன்றுவரை மரபாக நிற்கிறது. ஆகையால், நாட்டையே உலுக்கும் சட்டப் பிரச்சினையும் யாரோ ஒரு தனி மனிதரின் வழக்கு என்னும் உருவிலேயே அம்மன்றத்தை அடைகிறது.

தோற்றவர், கீழ்மன்றத் தீர்ப்பு வெளிவந்து 90 நாட்களுள் விண்ணப்பிக்க வேண்டும். உறுதிகேள் எழுத்தாணை கோரும் விண்ணப்பம் என்று அது பெயர் பெறும். கீழ்மன்றத்தின் ஏடுகளை மேலே அனுப்புமாறு விடுக்கப்படும் கட்டளையே அவ்வெழுத்தாணை. கட்டணம் 300 டொலர்; விண்ணப்பம் சிறு நூல்போல அச்சிடப்பட்டு 40 படிகள் கொடுக்கப்பட வேண்டும். ஆனால், தாம் வறியவர் என்று சத்தியம் செய்து காட்டுவோர்க்குக் கட்டணமும் இல்லை, அச்சும் வேண்டியதில்லை. சிறையிலிருந்து தாமே எழுதும் கைதிகளின் விண்ணப்பங்கள் இவ்வகையைச் சேர்ந்தவை.

1962ஆம் ஆண்டு சனவரி 8ஆம் நாள் காலைத் தபாலில் அத்தகைய விண்ணப்பம் ஒன்று புளோரிடா மாநிலச் சிறையிலிருந்து வந்தது. சிறைச்சாலை வழங்கும் கோடிட்ட தாளிலே, பென்சிலினால், எழுத்துப் பிழைகளோடு எழுதப்பட்டிருந்த அதனை அனுப்பியவர் கிளாரன்சு ஏர்ல் கிடியன் என்பவர். ஐம்பது வயதைக் கடந்த அவர் முன்னரும் பல முறை சிறை சென்றவர். 1961 யூன் மாதத்தில் பனாமா சிற்றி என்னும் ஊரிலே ஒரு பிலியட் விளையாட்டுக் கூடத்தை உடைத்துப் புகுந்து திருட முயன்றதாக அவர்மீது குற்றஞ் சாட்டப்பட்டது. ஆகஸ்டில் விசாரணை தொடங்கியபோது, தமக்கு ஒரு சட்டத்தரணியை அமர்த்தித் தரும்படி அவர் நீதிபதியைக் கேட்டார். மரண தண்டனைக்குரிய வழக்குகளில் மட்டுமே அவ்வாறு அமர்த்த மாநிலச் சட்டம் இடந்தருகிறது என்று நீதிபதி வருத்தத்தோடு மறுத்தார். கிடியன் தாமே சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தார். தாமே யூரிமாரிடம் பேசினார். குற்றவாளியாகக் காணப்பட்டு ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். புளோரிடாவின் தலைமை நீதிமன்றமும் அவர் மனுவைத் தள்ளிவிட்டது.

அவர் விண்ணப்பத்திற் கேட்டது ஒன்றே. சட்டத்தரணியின் துணையின்றி ஒருவரை விசாரித்துச் சிறையிடுவது அரசியலமைப்புக்கு அடுக்குமா என்பதே அது. அக்காலச் சட்டத்தின்படி அதற்கு விடை கிடியனுக்கு மாறாகவே இருந்தது. குற்றஞ் சாட்டப்பட்டவர்க்கு நியாயவாதியின் உதவி உண்டென்று அரசியலமைப்பின் ஆறாம் திருத்தம் கூறினும், அது மத்திய நீதிமன்றங்களையே கட்டுப்படுத்தும் என்று கொள்ளப்பட்டது. 1942இல் பெற்சு என்னும் வேலையற்ற தொழிலாளியின் வழக்கிலே, மாநில நீதிமன்றங்கள் வறியவர் எல்லார்க்கும் சட்டத்தரணியை அமர்த்த வேண்டியதில்லை. எழுத்தறிவின்மை, மனநலக் குறைவு போன்ற சிறப்பு நிலைமைகள் இருந்தால் மட்டுமே போதும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. கிடியனோ தமக்குச் சிறப்பு நிலைமை எதுவும் உண்டென்று சொல்லவில்லை.

விண்ணப்பங்களைத் தெரிந்தெடுக்கும் முறையை இங்கு நோக்குதல் தகும். ஒவ்வொரு நீதியரசருக்கும், சட்டக் கல்லூரியிற் சிறந்து தேறிய இளைஞர் நால்வர் வரை எழுத்தாளராகப் பணிபுரிவர். 1972 முதல், நீதியரசர்களுட் பெரும்பாலோர் தம் எழுத்தாளர்களை ஒருங்கு சேர்த்து, விண்ணப்பங்களைப் பகிர்ந்து படிக்கச் செய்கின்றனர். ஒருவர் ஒரு விண்ணப்பத்தைப் படித்து எழுதும் குறிப்பு அக்கூட்டிலுள்ள நீதியரசர் அனைவர்க்கும் செல்லும். கலந்துபேசத் தக்கவை என்று கருதப்படுவனவற்றைப் பிரதம நீதியரசர் பட்டியலிடுவர்; மற்ற நீதியரசர் எவரும் அதில் ஒன்றைச் சேர்க்கலாம். பட்டியலில் ஏறாதன பேச்சின்றியே தள்ளப்படும்.

எதனைக் கொண்டு தெரிந்தெடுக்கின்றனர்? கீழ்மன்றம் பிழையான தீர்ப்பளித்தது என்பது மட்டும் போதிய காரணமன்று. ஒரே சட்டத்துக்கு ஒரு மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒரு பொருளும், வேறொன்று மற்றொரு பொருளும் கொண்டிருப்பதே முதன்மையான காரணம். பொஸ்ரனில் குற்றமாவது சிக்காக்கோவில் குற்றமாகாதிருப்பின், சட்டம் ஒன்றென்று சொல்வதற்கில்லை. அடுத்தது, நாடு முழுவதையும் பாதிக்கும் பெரிய சட்ட வினா தீர்க்கப்படாமல் இருப்பது. தனி மனிதருக்கு நேர்ந்த அநீதியைத் திருத்துவது கீழுள்ள மன்றங்களின் பொறுப்பு. சட்டத்தை ஒருமைப்படுத்துவது தன் பொறுப்பு என்பதே அம்மன்றத்தின் கொள்கை.

பட்டியலிலுள்ளவற்றை ஆராய ஒன்பதின்மரும் தனியறையிற் கூடுவர். வேறெவர்க்கும் அங்கே இடமில்லை. கதவு தட்டப்பட்டால் எழுந்து சென்று திறப்பதும், முடிவுகளைக் குறித்துக்கொள்வதும் பதவியில் இளையவரான நீதியரசரின் வேலை. அமருமுன் ஒவ்வொருவரும் மற்றெல்லாரோடும் கைகுலுக்கிக்கொள்வர். கருத்தில் மாறுபட்டாலும் கடமையில் ஒன்றுபட்டோர் என்பதற்கு அடையாளமாகப் பிரதம நீதியரசர் மெல்வில் புலர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே தொடக்கிவைத்த வழக்கம் அது. ஒரு விண்ணப்பத்தை ஏற்க நால்வரின் இசைவு போதும். ஒன்பதின்மருட் பெரும்பான்மை ஐவராயினும், கேட்பதா விடுவதா என்பதிலே சிறுபான்மையோர்க்கு இவ்வாறு உரிமை விடப்பட்டுள்ளது. எழுதிய சட்டம் எதிலும் இல்லாத இவ்விதி, 1925ஆம் ஆண்டுச் சட்டம் ஆலோசனையில் இருந்தபோது காங்கிரசுக்கு எடுத்துரைக்கப்பட்டு, அன்று தொட்டுப் பேணப்பட்டு வருகிறது.

விண்ணப்பம் தள்ளப்பட்டால், கீழ்மன்றத்தின் தீர்ப்புச் சரியென்று உயர் நீதிமன்றம் ஒப்புக்கொண்டதாகப் பொருள்படாது. நால்வர் அதனைக் கேட்க விரும்பவில்லை என்பதே பொருள். இவ்வேறுபாட்டை நீதியரசர் பிராங்பேட்டர் 1950இல் விரித்து எழுதினார். சட்டம் கற்றோர்க்கு இது தெளிவாக இருக்கலாம். சிறையில் இருப்பவனுக்கோ, வீட்டை இழந்தவளுக்கோ இரண்டும் ஒன்றே.

கிடியனின் விண்ணப்பம் தள்ளப்படவில்லை. புளோரிடா அரசிடம் மறுமொழி கேட்கப்பட்டது. பின்னர் 1962 யூன் 4ஆம் நாள் அது விசாரணைக்கு ஏற்கப்பட்டது. அதுமட்டுமன்று, 1942ஆம் ஆண்டுத் தீர்ப்பை மீளாய்வு செய்தல் வேண்டுமா என்பது பற்றியும் வாதிடுமாறு இருபக்கத்தார்க்கும் கட்டளை பிறந்தது. அதே வினாவை எழுப்பிய கைதிகள் பலரின் விண்ணப்பங்கள் அதற்கு முன் தள்ளப்பட்டிருந்தன. கிடியனின் தாள் சென்றபோது, அந்தத் தீர்ப்பைப் பற்றி நீதியரசர்கள் ஐயுறத் தொடங்கியிருந்தனர். வழக்கின் தகுதியோடு காலமும் சேர்ந்தே அக்கதவைத் திறந்தது என்று சொல்லலாம்.

வறிய விண்ணப்பகாரர்க்கு உயர் நீதிமன்றமே சட்டத்தரணியை அமர்த்தும். வாஷிங்டன் நகரில் புகழ்பெற்றவரும், பின்னர் அம்மன்றத்திலேயே நீதியரசரானவருமான ஏப் போட்டாசு கிடியனுக்காக அமர்த்தப்பட்டார். எதிர்ப்பக்கத்தில் வாதிட்டவர் புளோரிடாச் சட்டமா அதிபரின் துணைவரான இளைஞர் புறூசு யேக்கப்.

வழக்கு ஏற்கப்பட்டதும் இருபக்கத்தாரும் தம் வாதங்களை எழுத்தில் தருவர். முதலில் விண்ணப்பகாரர், பின்னர் எதிராளி, அதன்பின் விண்ணப்பகாரரின் மறுப்புரை. வழக்கிலே நேரடித் தொடர்பு இல்லாதோரும் 'நீதிமன்றத்தின் நண்பர்' என்னும் பெயரில் தம் கருத்தை எழுதித் தரலாம். கிடியனின் வழக்கில் இதனால் ஒரு வியப்பு விளைந்தது. தமக்குத் துணைநிற்கும்படி புளோரிடாத் தரப்பார் மற்றெல்லா மாநிலங்களின் சட்டமா அதிபர்களுக்கும் கடிதம் எழுதினர். அவர்களுக்குத் துணையாக எழுதிய மாநிலங்கள் அலபாமாவும் வட கரோலினாவும் மட்டுமே. இருபதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் கிடியனின் பக்கமே நின்றன. வறியவர்க்குச் சட்டத்தரணி வேண்டும் என்று அம்மாநிலங்களின் அரசுகளே கேட்டுக்கொண்டன.

வாய்மொழி வாதம் ஒக்டோபர் முதல் திங்கட்கிழமை தொடங்கும் தவணையிலே, ஏப்பிரல் வரை நடைபெறும். 1824இல் நீராவிக் கப்பல் உரிமை பற்றிய ஒரு வழக்கிலே ஐந்து நாட்கள் வாதிட்டனர். இன்றைய பொது விதி, பக்கத்துக்கு அரைமணி நேரம். வெள்ளை விளக்கு எரிந்தால் ஐந்து நிமிடம் எஞ்சியுள்ளது; சிவப்பு விளக்கு எரிந்தால் நேரம் முடிந்தது. எழுதி வைத்ததைப் படிக்க எவர்க்கும் நேரம் கிடைப்பதில்லை. நீதியரசர்கள் இடைமறித்து வினாவுவர்; அவ்வினாக்களுக்கு விடையிறுப்பதே வாதம். படப்பிடிப்புக் கருவிகளுக்கு அம்மன்றத்துள் இன்றும் இடமில்லை. எனினும், 2020ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க் காலம் முதல், வாதம் நடக்கும்போதே அதனை ஒலிவழி எவரும் கேட்கலாம்.

1963 சனவரி 15ஆம் நாள் போட்டாசு எழுந்து வாதிட்டார். அமெரிக்காவின் தலைசிறந்த குற்றவியல் நியாயவாதி எனப் பெயர் பெற்ற கிளாரன்சு டாரோ, தாமே குற்றஞ் சாட்டப்பட்டபோது முதலிற் செய்தது தமக்கென ஒரு நியாயவாதியைத் தேடிக்கொண்டதே என்று அவர் எடுத்துக்காட்டினார். சட்டக் கடலை நீந்தியவர்க்கே தோணி வேண்டியிருந்தால், கரையில் நின்றவன் என் செய்வான் என்பது அவ்வாதத்தின் உட்பொருள்.

வாதம் நடந்த வாரத்திலேயே நீதியரசர்கள் மீண்டும் தனியறையிற் கூடுவர். பிரதம நீதியரசர் முதலிற் பேசுவர். பின்னர் பதவி மூப்பு முறையில் மற்றையோர். எல்லாரும் ஒருமுறை பேசி முடியுமுன் எவரும் இருமுறை பேசுவதில்லை. பெரும்பான்மை அறியப்பட்டதும், பிரதம நீதியரசர் அதிலே இருந்தால் தீர்ப்பை எழுதுபவரை அவரே குறிப்பார். இல்லையேல் பெரும்பான்மையோருள் மூத்தவர் குறிப்பார். ஒருவர் விலகியிருக்க, நால்வர்க்கு நால்வர் எனக் கருத்துப் பிரியுமானால், கீழ்மன்றத் தீர்ப்பு அப்படியே நிலைக்கும். அதனால் நாட்டுக்கு முன்மாதிரி எதுவும் தோன்றாது.

அறையில் அறிவித்த கருத்து இறுதியானதன்று. எழுதப்பட்ட வரைவு ஒன்பதின்மர்க்கும் சுற்றி வரும். "இந்தச் சொல்லை நீக்கினால் இசைவேன், இந்த நியாயத்தை ஒதுக்கினால் இசைவேன்" என்று மறுமொழிகள் வரும். சில வேளை பெரும்பான்மை சிறுபான்மையாவதும் உண்டு. பாடசாலைகளிலே இனப்பிரிவினை பற்றிய வழக்கு 1952இல் வாதிக்கப்பட்டுத் தீராமல், 1953 திசெம்பரில் மீண்டும் வாதிக்கப்பட்டது. இடையிலே பிரதம நீதியரசர் வின்சன் இறந்தார். ஏர்ல் வாரன் அப்பதவிக்கு வந்தார். பிளவுபட்ட தீர்ப்பு நாட்டைப் பிளக்கும் என்று உணர்ந்த அவர் பொறுமையோடு உடனிருந்தோரை இசைவித்து, 1954 மே 17ஆம் நாள் ஒன்பதின்மரும் ஒருமித்த தீர்ப்பாக அதனை வெளியிட்டார்.

இசையாதவர் தம் மாறுபட்ட தீர்ப்பைத் தனியே எழுதலாம். அதற்குச் சட்ட வலுவில்லை; ஆயினும் அது வீண் அன்று. புகைவண்டியிலே கறுப்பினத்தார்க்கு வேறு பெட்டி ஒதுக்கும் சட்டம் செல்லும் என்று 1896இல் எழுவர் தீர்ப்பளித்தபோது, நீதியரசர் ஆலன் ஒருவர் மட்டும் மாறுபட்டு எழுதினார். அந்தத் தனிக்குரலின் கொள்கையை ஐம்பத்தெட்டு ஆண்டுகளின் பின், 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பிலே, மன்றம் முழுவதும் ஏற்றது.

கிடியனின் வழக்கிலும் அத்தகைய நிறைவு ஒன்று இருந்தது. 1942ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கு மாறுபட்டு எழுதியவர் மூவர். அவர்களுக்காக எழுதுகோல் பிடித்தவர் நீதியரசர் இயூகோ பிளாக். இருபத்தோராண்டு கழிந்த பின்னர், 1963 மார்ச் 18ஆம் நாள், அத்தீர்ப்பைத் தள்ளிவைத்து ஒன்பதின்மரும் ஒருமனதாக அளித்த முடிவை எழுதி வாசிக்கும் வாய்ப்பு அவர்க்கே கிடைத்தது. பாரதூரமான குற்றஞ் சாட்டப்பட்ட வறியவர்க்கு மாநிலங்களும் சட்டத்தரணியை அமர்த்தியே ஆக வேண்டும் என்பது அன்று முதல் அந்நாட்டின் சட்டமாயிற்று.

இதனைக் கேட்டு, உயர் நீதிமன்றம் கிடியனை விடுதலை செய்தது என்று நேயர்கள் கருதலாகாது. அவர் திருடினாரா இல்லையா என்பதை அம்மன்றம் ஆராயவேயில்லை. நடந்த விசாரணை முறையான விசாரணையன்று என்று மட்டும் கூறி, வழக்கைப் புளோரிடாவுக்கே திருப்பி அனுப்பியது. 1963 ஆகஸ்டில் அதே ஊரில், அதே நீதிபதியின் முன் மறுவிசாரணை நடந்தது. இம்முறை அவர் பக்கத்தில் உள்ளூர்ச் சட்டத்தரணி ஒருவர் அமர்ந்திருந்தார். முதல் விசாரணையில் கிடியனால் அசைக்க முடியாத முதன்மைச் சாட்சியை அவர் வினா மேல் வினாவாகத் தொடுத்துத் தடுமாற வைத்தார். யூரிமார் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கலந்துபேசி, குற்றவாளியல்லர் என்று கூறினர்.

இம்முறையிலே குறைகள் இல்லை என்று எவரும் சொல்லார். பெற்சின் வழக்குக்கும் கிடியனின் வழக்குக்கும் இடைப்பட்ட இருபத்தோராண்டுகளில், துணையின்றி விசாரிக்கப்பட்டுச் சிறை சென்றோர் பலர். அவர்களுக்கு அம்மன்றம் காலம் தாழ்த்தியே செவி சாய்த்தது. அண்மைக் காலத்தில், முழு வாதமும் கேளாமல், அவசர விண்ணப்பங்களின்மீது சுருக்கமான கட்டளைகள் பிறப்பிக்கப்படுவது பெருகியிருப்பதும் கண்டனத்துக்கு உள்ளாகியிருக்கிறது. காரணம் கூறாத கட்டளையிலே கீழ்மன்றங்கள் எவ்வாறு வழி காணும் என்று சட்டமறிந்தோர் வினவுகின்றனர். தம் மன்றம் தவறே செய்யாதது என்பதால் இறுதிச் சொல் உடையதாகவில்லை, இறுதிச் சொல் உடையது என்பதாலேயே தவறாததாகத் தோன்றுகிறது என்னும் கருத்துப்பட 1953இல் நீதியரசர் றொபேட் யாக்சன் எழுதியதும் இதனை உணர்ந்தே.

ஆயினும், ஒன்பதின்மர் ஒருங்கே அமர்ந்து ஆண்டுக்கு 5000 வழக்குகளைச் செவ்வனே கேட்டல் இயலாது. எல்லாவற்றையும் கேட்கப் புகுந்தால் எதனையும் ஆழ்ந்து கேட்கமாட்டார். இலங்கையிலே உயர் நீதிமன்றத்து நீதியரசர்கள் மூவர் மூவராகப் பிரிந்திருந்து பல வழக்குகளை ஒரே வேளையிற் கேட்கின்றனர். அமெரிக்காவிலோ ஒரு மன்றம், ஒரு குரல் என்னும் கொள்கையால் அனைவரும் சேர்ந்தே அமர்வர். பலவற்றைக் கேட்பதா, சிலவற்றை ஆழக் கேட்பதா என்பதில் ஒவ்வொரு நாடும் தனக்கேற்ற வழியைத் தெரிந்துகொள்கிறது. ஒவ்வொரு வழிக்கும் உரிய விலையையும் கொடுக்கிறது.

தலையாய மன்றத்தின் கதவு நூற்றில் ஒருவர்க்கே திறக்குமாயின், எஞ்சிய தொண்ணூற்றொன்பது பேர்க்கும் நீதி எங்கே கிடைக்கும்? முதன்முதலாக வழக்கு விசாரிக்கப்படும் சிற்றூர் மன்றத்திலே கிடைத்தல் வேண்டும். அங்கே சாட்சி பொறுமையோடு கேட்கப்பட வேண்டும். எதிரிக்கு அவன் மொழி விளங்க வேண்டும். அவன் பக்கத்திலே சட்டமறிந்த ஒருவர் அமர்ந்திருக்க வேண்டும். உயர் நீதிமன்றம் கிடியனுக்குக் கொடுத்தது அந்தப் பக்கத்து ஆசனத்தில் ஒருவரைத்தான். எஞ்சியதைப் பனாமா சிற்றியின் யூரிமார் பார்த்துக்கொண்டனர்.